பாசமும் ஐயமும்: ஒரு நாவல் எழுப்பிய நினைவுகள்

மர்ம நாவல்களை இலக்கிய மாணவர் மறைவாகவே வாசிக்க வேண்டுமென்பது எம்மிடையே எழுதப்படாத ஒரு விதி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த துப்பறியும் நாவல்கள் பெருந்தொகையானோரைத் தமிழ் வாசிக்கப் பழக்கின. ஆயினும் எமது இலக்கிய வரலாற்று நூல்களில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் ஒரு பந்தியைத் தாண்டுவது அரிது. கதையின் முடிவை அறிந்ததும் நூலின் பயன் தீர்ந்துவிடுகின்றது என்பது இவ்வகை நூல்களின் மீது பொதுவாகக் கூறப்படும் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. செய்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை கிடைத்தபின் அந்நூலை மீண்டும் புரட்டுவோர் சிலரே.

ஆனால் ஐயத்துக்குரியவர் எமது வீட்டுக்குள்ளேயே இருப்பாராயின் இந்நிலை மாறிவிடுகின்றது. அங்கு துப்பறிபவர் வெளியிலிருந்து வந்த ஒருவரல்லர். ஐயப்படுபவர் ஐயத்துக்குரியவரின் கையால் சோறுண்டவர்; அவர் தோளில் ஏறித் திருவிழாப் பார்த்தவர். விடையை அறிய வேண்டும் என்ற ஆவலும், அறிந்துவிடக் கூடாது என்ற அச்சமும் ஒரே மனத்தில் அருகருகே குடியிருக்கின்றன. அத்தகைய ஒரு நாவலைக் கடந்த ஆண்டு வாசித்தேன். அதனை வாசித்த பின்னர் எங்கள் வீட்டைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியவற்றையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

கனடாவில் வாழும் ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட எழுத்தாளர் சரோன் பாலா 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நாவலான 'த போட் பீப்பிள்' என்பதே அந்நூல். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மர்ம நாவல் என்ற முத்திரை அதற்கு இல்லை. சட்டத்துறையைக் களமாகக் கொண்ட புனைகதைகளுக்கு வழங்கப்படும் ஹார்ப்பர் லீ பரிசை அது 2019இல் பெற்றது. ஆயினும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே ஓர் ஐயத்தின் மீதே கதை நகர்கின்றது. கிளிநொச்சியில் வாகனம் திருத்தும் தொழில் செய்த மகிந்தன், தாயை இழந்த தன் ஆறு வயது மகன் செல்லியனுடன் ஓர் அகதிக் கப்பலில் கனடாவின் மேற்குக் கரையை அடைகின்றான். கரையிறங்கியதும் தந்தையும் மகனும் பிரிக்கப்படுகின்றனர். தந்தை தடுப்புக் காவலில் வைக்கப்படுகின்றான். இவன் வெறும் அகதியா, அன்றி வேறு எவனுமா என்பதை அந்நாட்டு அதிகாரிகள் ஆராய்கின்றனர்.

கதை மூவரின் பார்வையில் கூறப்படுகின்றது. ஒருவன் மகிந்தன். மற்றொருத்தி பிரியா, கனடாவிலே பிறந்து வளர்ந்த, சட்டத் தொழில் பயிலும் தமிழ்ப்பெண். மூன்றாமவர் கிரேஸ் நாகமுரா. அகதிகளின் விதியைத் தீர்மானிக்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்ட யப்பானிய வம்சாவளியினர். நூலாசிரியர் மகிந்தனின் கடந்தகாலத்தை ஒரே மூச்சில் எமக்குச் சொல்லிவிடுவதில்லை. சிறிது சிறிதாக, முன்னும் பின்னுமாக அது வெளிப்படுகின்றது. அவன் நல்ல தந்தை என்பதில் எமக்கு ஐயமில்லை. அந்த நல்ல தந்தை தன் மகனைக் கப்பலேற்றுவதற்காக எதையெல்லாம் செய்தான் என்பதே எம்மை உறுத்துகின்றது.

இக்கதைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 2010 ஆகஸ்ட் மாதத்தில் 'சன் சீ' என்னும் கப்பல் 492 ஈழத் தமிழருடன் வான்கூவர் தீவை அடைந்தது. அதற்கு முன்னர் 2009 ஒக்ரோபரில் 'ஓஷன் லேடி' என்னும் கப்பலில் 76 ஆண்கள் வந்திருந்தனர். கனடாவின் குடிவரவுச் சட்டப்படி, தடுத்து வைக்கப்பட்டவரின் வழக்கு முதலில் 48 மணித்தியாலத்துக்குள்ளும், அதன்பின் ஏழு நாளுக்குள்ளும், அதனை அடுத்து முப்பது நாளுக்கு ஒருமுறையும் மீளாய்வு செய்யப்பட வேண்டும். நாவலின் விறுவிறுப்புக்கு இந்த நாட்கணக்கே அடித்தளமாகின்றது. ஒவ்வொரு விசாரணைக்கும் மகிந்தன் நம்பிக்கையுடன் செல்கின்றான். மீண்டும் அறைக்குத் திரும்புகின்றான். வெளியிலே மகன் அந்நிய மொழியொன்றில் வளரத் தொடங்குகின்றான்.

கிரேஸின் பாத்திரத்தின் வழியாக ஆசிரியர் ஐயத்தின் மற்றொரு வரலாற்றையும் நினைவூட்டுகின்றார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதலாக, கனடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 யப்பானிய வம்சாவளியினர் தம் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களது சொத்துக்கள் பறிமுதலாயின. அவர்களின் நாட்டுப் பற்று ஐயத்துக்குரியது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். 1988இல்தான் அந்நாட்டு அரசு அதற்கு மன்னிப்புக் கோரியது. கிரேஸின் தாய் மறதி நோயினால் அண்மைக்கால நிகழ்ச்சிகளை இழந்து, அந்தப் பழைய நாட்களுக்குள் திரும்பிச் செல்கின்றார். ஒரு காலத்தில் ஐயத்துக்கு இரையான குடும்பத்தின் வழித்தோன்றல், இன்று பிறர்மீது ஐயங்கொள்வதைத் தொழிலாகச் செய்கின்றார். பிரியாவோ தன் குடும்பத்து மூத்தவர்கள் பேசாது மறைத்த கடந்தகாலத்தை அறிய நேர்கின்றாள். மூன்று குடும்பங்களிலும் மௌனம் இருக்கின்றது. மூன்றிலும் இளையவரே அதன் விளிம்பைத் தொட்டுப் பார்க்கின்றனர்.

அகதிகள் சொல்லும் கதைகளில் பொய்யே இல்லை என்று வாதிடுவதற்கு நான் முன்வரவில்லை. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அவ்வூர் மீனவர் கண்டு காப்பாற்றினர். தாம் இந்தியாவிலிருந்து வந்ததாகவே அவர்கள் முதலில் கூறினர். மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் என்பது சில நாட்களில் தெரியவந்தது. அவர்கள் பொய் சொன்னது உண்மை. அவர்கள் தப்பியோடிய இன்னல் உண்மை என்பதும் அதனால் பொய்யாகிவிடவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்திருப்பது விசாரணை மன்றத்துக்குக் கடினம். வீட்டுக்கு அது இன்னும் கடினம் என்பதையே நான் எனது அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கின்றது.

எனது ஊர் பூநகரி. யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறினால், 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து விரைவில் சென்றுவிடலாம். ஒருபுறம் கடனீரேரி, மறுபுறம் வயலும் பனையும். மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பெயர்பெற்ற மண். எனது தந்தையார் உழவு இயந்திரம் ஓட்டுபவர். 2008இன் பிற்பகுதியில் போர் மன்னார் வீதி வழியாக வடக்கே நகர்ந்துவந்தபோது எமது ஊர் முழுவதும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தது. 2008 நவம்பர் நடுப்பகுதியில் பூநகரி இராணுவத்தின் கைக்கு வந்த வேளையில் நாம் பரந்தனுக்கு அப்பால் இருந்தோம். அப்போது எனக்கு வயது ஆறு, செல்லியனின் வயது.

2009 ஜனவரியில் விசுவமடுவில் ஒரு வளவில் நாமும் பெரியம்மாவின் குடும்பமும் தங்கியிருந்தோம். பெரியப்பா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அங்கிருந்து மீண்டும் புறப்பட வேண்டி வந்தபோது உழவு இயந்திரத்தின் பெட்டியில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. எம்மையும் பொருட்களையும் சுதந்திரபுரத்தில் இறக்கிவிட்டு வந்து பெரியம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்வதென அப்பா கூறினார். அவர் திரும்பிச் செல்லவில்லை. டீசல் முடிந்துவிட்டது என்றார். பெரியம்மா இரண்டு நாட்கள் காத்திருந்தார். இரண்டாம் நாள் அவ்வளவில் எறிகணை வீழ்ந்தது. என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணா அங்கேயே இறந்தார். பெரியம்மா எஞ்சிய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே எம்மிடம் வந்து சேர்ந்தார்.

இது எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்த கதை. எவரும் இதை ஐயுற்றதில்லை. அக்காலத்தில் வன்னியில் டீசல் கிடைத்தற்கரிய பொருள் என்பதை அங்கிருந்த எவரும் மறுக்கமாட்டார்கள். நானும் இக்கதையோடேயே வளர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள், நான் சிறுவயதில் நோயுற்றது பற்றிப் பேச்சு வந்தபோது அம்மா இயல்பாகச் சொன்னார்: "மாத்தளனிலை உனக்கு வயித்தாலை போய் நீ பிழைப்பாயெண்டு நாங்கள் நம்பேல்லை. அப்பா வைச்சிருந்த ஒரு கலன் டீசலைக் குடுத்தெல்லோ உனக்கு ரண்டு பைக்கற் பால்மா வாங்கினது."

அம்மா அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குச் சென்றுவிட்டார். தான் சொன்னதன் பொருளை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சொற்கள் தொண்டையில் முள்ளாக நின்றன. சுதந்திரபுரத்தில் முடிந்துபோன டீசல் மாத்தளனில் எவ்வாறு வந்தது?

நான் மகிந்தனின் சட்டத்தரணி போல எனக்குள்ளே வாதாடிப் பார்த்தேன். இடையில் அப்பா அதை எவரிடமேனும் வாங்கியிருக்கலாம். எம்மை அங்கிருந்து மாத்தளனுக்குக் கொண்டுவந்ததே வேறொருவர் தந்த டீசலாயிருக்கலாம், மிஞ்சியதே அக்கலனாயிருக்கலாம். அம்மாவின் நினைவு இடம்மாறியிருக்கலாம். பின்னர் எதிர்த்தரப்பில் நின்றும் வாதாடினேன். எறிகணை வீழும் பாதையில் மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுத் திரும்பிச் செல்ல அவர் அஞ்சியிருக்கலாம். அடுத்த இடப்பெயர்வுக்காக அந்தக் கலனை மறைத்துவைத்திருக்கலாம். இரு வாதங்களும் சம வலுவுடன் நின்றன. இரண்டிலும் முடிவில் பயன்பெற்றவன் நானே. அந்தப் பாலைக் குடித்தவன் நான்.

திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்துதெளிதலின் இறுதிக் குறள் பலருக்கும் அறிமுகமானது. ஒருவரை ஆராயாமல் நம்புதலும், நம்பிய பின்னர் அவரிடத்து ஐயங்கொள்ளுதலும் தீராத துன்பத்தைத் தரும் என்பது அதன் கருத்து. அது அரசனுக்குக் கூறப்பட்டது. அமைச்சரையும் தூதரையும் அரசன் ஆராய்ந்து தேர்ந்துகொள்ளலாம். தந்தையை எவரும் ஆராய்ந்து தேர்ந்துகொள்வதில்லை. நம்பிக்கை முதலில் வந்துவிடுகின்றது. ஐயம் பல்லாண்டுகள் கழித்தே வந்து சேர்கின்றது. வள்ளுவர் எச்சரித்த இரு துன்பங்களும் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் இயல்பாகவே விதிக்கப்பட்டிருக்கின்றன போலும்.

இந்த நிலையிலேதான் விரிவுரையாளர் ஒருவர் அந்நாவலை எனக்கு இரவல் தந்தார். வாசிக்க வாசிக்க ஒரு குறையை உணர்ந்தேன். மகிந்தனின் மனத்தை ஆசிரியர் திறந்து காட்டுகின்றார். பிரியாவின் மனமும் கிரேஸின் மனமும் எமக்குத் தெரிகின்றன. செல்லியனின் மனத்துக்குள் மட்டும் நாம் நுழைவதில்லை. எல்லாம் யாருக்காகச் செய்யப்பட்டனவோ, அவன் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றான். ஆசிரியர் இதனை எக்காரணத்தால் செய்தாரோ அறியேன். ஆயினும் இருபது வயதை எட்டிய செல்லியன் ஒருவன் அந்நூலை வாசித்தால் என்ன நினைப்பான் என்பதே என்னை விடாது தொடர்ந்தது. தந்தையின் செயல் குற்றமாயின் அக்குற்றத்தின் பயன் மகனுடைய உயிர். அவ்வுயிரைக் கொண்டே அவன் தந்தையை ஐயுற வேண்டியவனாகின்றான். இதனினும் இக்கட்டான நீதிபதிப் பதவி வேறொன்று இருக்க முடியாது.

சட்டமும் இவ்விடத்தில் தடுமாறியதுண்டு. மேலே குறிப்பிட்ட கப்பல்களில் வந்தோர் தொடர்பான வழக்குகளில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆட்கடத்தலைத் தண்டிப்பதற்கென ஆக்கப்பட்ட சட்டப் பிரிவு மிக அகன்றதாய் இருந்தமையால், தன் குடும்பத்தவருக்கு உதவிய ஒருவரையும் குற்றவாளியாக்க அதில் இடமிருந்தது. மனிதாபிமான உதவிக்கும், அகதிகள் தமக்குள் செய்யும் உதவிக்கும், குடும்பத்தவருக்குச் செய்யும் உதவிக்கும் அது பொருந்துமளவில் அரசியலமைப்புக்கு முரணானது என அந்நீதிமன்றம் கண்டது. குடும்பத்தைக் காத்தல் குற்றமாகாது என்பதை அறிவித்த நல்ல தீர்ப்பு அது. ஆயினும் ஒரு குடும்பத்தைக் காக்கும்பொருட்டு இன்னொரு குடும்பம் வழியில் காத்திருக்க விடப்பட்டதா என்ற வினாவுக்கு அத்தகைய தீர்ப்பில் இடமில்லை. அது நீதிமன்றத்துக்கு உரிய வினாவும் அன்று.

கடந்த மார்கழி விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். காலபோக நெற்பயிர் பசுமையாக நின்றது. அறுவடை வரை உழவு இயந்திரத்துக்கு வேலை குறைவு. பெரியம்மா முழங்காவிலிலிருந்து வந்திருந்தார். மாதத்தில் ஒருமுறையேனும் அவர் வருவார். அம்மாவுடன் இருந்து வெற்றிலை போடுவார். அப்பா கொண்டுவரும் மீனைத் தாமே வெட்டிச் சமைப்பார். மாலையில், அப்பா திண்ணையில் இருந்து வலையொன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். படிப்பைப் பற்றிப் பெரியம்மா கேட்டார். நான் அந்த நாவலின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். திட்டமிட்டுச் சொன்னேனா என்பதை இப்போதும் என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை.

அப்பா ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தின் பின், "அந்தத் தேப்பன் என்ன செய்தவராம்?" என்றார்.

"மகனைக் கொண்டு வாறதுக்காகச் சிலதைச் செய்திருக்கிறார் அப்பா. அதைத்தான் விசாரிக்கினம்" என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பெரியம்மாதான் கேட்டார்: "அந்தப் பொடியன் பிறகு தேப்பனோடை சேர்ந்திட்டானோ?"

"அதைச் சொல்லாமலே கதை முடியுது பெரியம்மா."

"அதையெல்லோ எழுதியிருக்கோணும்" என்றார் அவர். பின்னர் அப்பாவைப் பார்த்து, "தம்பி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகுது, என்னைக் கொண்டுபோய் விடுங்கோவன்" என்றார். அப்பா வலையை வைத்துவிட்டு எழுந்தார்.

அன்றிரவு நான் நெடுநேரம் விழித்திருந்தேன். பெரியம்மா எதனையும் அறியாதவர் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். பெரியப்பாவும் உழவு இயந்திரம் வைத்திருந்தவர். ஒரு கலன் டீசலுக்கு எத்தனை கட்டை ஓடலாம் என்பது அவ்வியந்திரத்துடன் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பெரியம்மாவுக்குத் தெரியாததன்று. மாத்தளனில் எமது தறப்பாளுக்கு அடுத்த தறப்பாளில் இருந்தவரும் அவரே. பால்மா வந்ததை அவர் கண்டிருப்பார். எனக்கு அதைக் கரைத்துத் தந்தவரும் அவராகவே இருக்கலாம். நான் சென்ற ஆண்டு போட்ட கணக்கை அவர் 2009இலேயே போட்டிருக்கக்கூடும். போட்ட பின்னரும் மாதந்தோறும் பேருந்தேறி வருகின்றார். இதனை மன்னிப்பு என்று கூற எனக்கு உரிமையில்லை. அவர் அச்சொல்லைப் பயன்படுத்தியதுமில்லை. ஐயம் தீர்ந்தால்தான் உறவு நிலைக்கும் என்ற எனது எண்ணம் தவறானது என்பதை மட்டும் உணர்ந்தேன். தீராத ஐயத்தை மடியில் வைத்துக்கொண்டே ஒருவர் இன்னொருவர் வீட்டில் மீன் வெட்டிச் சமைக்க முடியும்.

அப்பாவைப் பற்றியும் ஒன்றைக் கூற வேண்டும். நாம் மீள்குடியேறிய நாள் முதலாக எங்கள் கொட்டிலின் மூலையில் ஒரு கலன் டீசல் எப்போதும் நிறைந்தே இருக்கும். அவசரத்துக்கு எடுத்தால் அன்றைக்கே நிரப்பி வைத்துவிடுவார். கமக்காரனுக்குரிய முன்யோசனை என்றே அதனை நான் கருதிவந்தேன். இப்போது அதனைக் காணும்போது வேறு பொருள் தோன்றுகின்றது. அப்பொருளும் எனது கற்பனையாயிருக்கலாம். ஐயம் புகுந்த கண்ணுக்கு எல்லாமே சாட்சியாகத் தெரியும் என்பதை அந்நாவலில் கிரேஸின் பாத்திரம் எனக்குக் காட்டியிருக்கின்றது.

கிரேஸ் தீர்ப்புக் கூறுவதற்கு முன்னரே நாவல் முடிந்துவிடுகின்றது. இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். முடிவை அறிந்ததும் பயன் தீர்ந்துவிடும் என்று தொடக்கத்தில் குறிப்பிட்ட குற்றச்சாட்டு இந்நூலுக்குப் பொருந்தாமற் போவதற்கு அதுவே காரணம் என்பேன். நூலை மூடிய பின்னர் வாசகர் தாமே தீர்ப்புக் கூற வேண்டியவராகின்றார். அவ்வாறு கூற முற்படும்போதுதான், தாம் அமர்ந்திருப்பது நீதிபதியின் ஆசனமா, பிரியாவின் ஆசனமா, அன்றிச் செல்லியனின் ஆசனமா என்பது அவருக்குத் தெரியவருகின்றது.

வீட்டுக் கதையை அச்சிலேற்றுவது நன்றிகெட்ட செயலோ என்னும் தயக்கம் இக்கட்டுரையை எழுதும்போது எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கின்றது. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலர் ஒவ்வோர் ஆண்டும் நான் வீட்டுக்குக் கொண்டு செல்வது வழக்கம். அப்பா மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு எனது பெயர் உள்ள பக்கத்தை முதலில் தேடுவார்; முழுவதையும் வாசிப்பார். இம்முறையும் வாசிப்பார். நேரிலே கேட்கத் துணிவில்லாதவன் கேட்கும் வழி இது. விடை தரவேண்டுமென்று நான் எதிர்பார்க்கவில்லை. எவ்விடை வந்தாலும் அதனை நீதிபதியாகக் கேட்கும் தகுதி எனக்கில்லை. அந்தப் பாலைக் குடித்து உயிர் தப்பிய மகனாகவே கேட்பேன் என்பதை மட்டும் அவர் அறிந்திருக்க வேண்டும்.